மாவுக்கட்டோடு ஹைரூலுக்கு

முதல் நாள், செவ்வாய்

நியாயமாக இன்று நான் ரயிலில் இருந்திருக்க வேண்டும். நண்பர்கள் நாலு பேர் மலையேறக் கிளம்பிவிட்டார்கள். நானோ போன வாரம் வீட்டு மாடிப்படியில், இன்னும் ஒரு படி பாக்கி இருப்பது தெரியாமல் காலை வைத்து, கணுக்கால் பிசகி, மாவுக்கட்டோடு சோபாவில் கிடக்கிறேன். அம்மாவுக்கு ஏக வருத்தம். எனக்கு ஒரு கால்கட்டுப் போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது உண்மைதான், ஆனால் இந்தக் கட்டை இல்லை.

பார்க்க வந்த அக்கா மகள் தன்னுடைய ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கருவியை என் மடியில் வைத்தாள்.

“எனக்கு ஒரு வாரம் பரீட்சை மாமா. அம்மா எப்படியும் பிடுங்கி பீரோல வெச்சுடுவாங்க. அதுக்கு நீங்களாவது ஊர் சுத்திட்டு வாங்க.”

உள்ளே இருந்தது ‘ஸெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’. 2017 மார்ச்சில் வந்த கேம். ஊரே ஆடி முடித்து, 2023-இல் வந்த அடுத்த பாகத்தையும் முடித்த பிறகு நான் முதல் தடவையாகத் தொடுகிறேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். யூடியூப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை போன இடத்துக்கு மேப்பில் தட்டித் தாவக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். போகிற போக்கில் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, திரை மூலையில் இருந்த குட்டி மேப்பையும் மறைத்துவிட்டுப் போனாள்.

சரி, பயணம். லிங்க் என்ற பையன் நூறு வருடத் தூக்கத்திலிருந்து ஒரு குகைக்குள் கண் விழிக்கிறான். யார், எவர், ஏன் என்று எதுவும் ஞாபகம் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறோம். குகைவாய்க்கு வெளியே பாறை விளிம்பு. அங்கே போய் நின்றால், கதை நடக்கும் ஹைரூல் ராஜ்யம் முழுக்க விரிந்து கிடக்கிறது. காடு, சிதைந்த கோயில், தூரத்தில் ஒரு எரிமலை, வலப்பக்கம் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினது போல நடுவில் பிளந்து நிற்கும் ஒரு மலை. அந்தப் பிளந்த மலை மேல்தான் எனக்குக் கண். சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரவு பத்து மணி. மலை அங்கேயே நிற்கிறது. நானும் இங்கேயே நிற்கிறேன்.

இடையில் நடந்தது இதுதான். பாறைக்கடியில் ஒரு கிழவர் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுட்ட ஆப்பிள். கேட்காமல் எடுத்தேன், திட்டு வாங்கினேன். கோடாலி கிடைத்தது. மரத்தை வெட்டினால் சாய்கிறது. பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிற மரம் சரியான பக்கம் சாய்ந்தால் அதுவே பாலம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. தவறான பக்கம் சாய்ந்து பள்ளத்துக்குள் உருண்டு போன இரண்டு மரங்கள் சொல்லித் தந்தன. கடைசியாக, இந்த மேட்டு நிலத்தின் ஓரத்திலிருந்து குதித்துப் பார்த்தேன். செத்தேன்.

இரண்டாம் நாள், புதன்

சுற்றிலும் செங்குத்து. இறங்கிப் போக வேண்டுமானால் கிழவரிடம் இருக்கும் பாராகிளைடர், காற்றில் தொங்கி மிதக்க உதவும் துணிப்பாய், வேண்டும். அதற்கு இந்த மேட்டு நிலத்தில் இருக்கும் நாலு ஷ்ரைன்களை, அதாவது உள்ளே புதிர் வைத்த சின்னக் கோயில்களை, முடிக்க வேண்டும். அதில் ஒன்று பனிமலைப் பக்கம்.

பனிக்குள் கால் வைத்ததும் லிங்க் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தான். உயிர் சொட்டுச் சொட்டாகக் குறைகிறது. யோசித்து, ஒரு தீப்பந்தத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுக்கம் நின்றது! கையில் நெருப்பு இருந்தால் குளிராது என்பது அந்த உலகத்துக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஆற்றோரம் கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தேன். பந்தம் அணைந்தது. பனி ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதும் அந்த உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை மிளகாய். கீழே பறித்து வைத்திருந்த சிவப்பு மிளகாய்களை அடுப்புச் சட்டியில் போட்டேன். சட்டிக்குள் போட்டதெல்லாம் தாளத்துக்குத் துள்ளித் துள்ளி வெந்து, ஒரு தட்டாக வந்து நின்றது. தின்றதும் சில நிமிடத்துக்குக் குளிர் தெரியவில்லை. காரம் சாப்பிட்டால் உடம்பு சூடாகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே ஏறிவிட்டேன்.

ராத்திரி அக்கா மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். “நான் பந்தமும் பிடிக்கல, மிளகாயும் திங்கல. அந்தத் தாத்தா குடிசையில டைரி ஒண்ணு இருக்கும், படிச்சீங்களா? அவருக்குப் புடிச்ச சாப்பாட்டச் செஞ்சு குடுத்தா குளிருக்கு ஒரு சட்டை தருவாரு.”

குடிசைக்குள் நான் போயிருந்தேன். டைரியைப் புரட்டவில்லை. ஒரே குளிருக்கு மூன்று வழி, இன்னும் எத்தனையோ. எந்த வழியும் சரியான விடை என்று எழுதிவைக்கப்பட்டதல்ல. இதை உருவாக்கினவர்கள் 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த, கேம் உருவாக்குபவர்களின் ஜிடிசி மாநாட்டில் இதற்கு வேதியியல் எஞ்சின் என்று பெயர் சொன்னார்கள். தீ, தண்ணீர், மின்சாரம் மாதிரியானவை பொருளின் நிலையை மாற்றும். அவை ஒன்றை ஒன்று மாற்றும். ஆனால் பொருள் இன்னொரு பொருளின் நிலையை மாற்றாது. விதி இந்த மூன்றுதான். இது வேலை செய்கிறதா என்று பார்க்க, பழைய காலத்து ஸெல்டா போலவே தட்டையாக ஒரு சின்ன மாதிரியை முதலில் செய்து பார்த்திருக்கிறார்கள். மரத்தை வெட்டி ஆற்றில் விட்டால் மிதக்கிறதா, தீ பட்டால் எரிகிறதா என்று.

என் பந்தம் அணைந்ததும் அந்த மாதிரி ஒரு விதியால்தான். யாரோ உட்கார்ந்து, ஆற்றில் விழுந்தால் பந்தம் அணையட்டும் என்று எனக்காகத் தனியாக எழுதவில்லை. அதனால்தான் கோபம் வரவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள், வியாழன்

பாராகிளைடர் கைக்கு வந்தது. கிழவர் யார் என்பதும் தெரிந்தது, அதை இங்கே சொல்ல மாட்டேன். மேட்டு நிலத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து குதித்து, காற்றில் தொங்கிக்கொண்டே புல்வெளியில் இறங்கினேன். நண்பர்கள் வாட்ஸாப்பில் மலை முகட்டிலிருந்து போட்டோ போட்டிருந்தார்கள். நானும் திரையை போட்டோ எடுத்துப் போட்டேன். ஒரே ஒருத்தன் மட்டும் “எந்த ஊர்டா இது?” என்று கேட்டான்.

இன்றைக்கு எப்படியும் பிளந்த மலைக்குப் போய்விடுவது என்று சாலையைப் பிடித்து நடந்தேன். பாலம் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனேன். அப்புறம் இடப்பக்கம் ஒரு சின்னக் குன்று. குன்றுக்குப் பின்னாலிருந்து லேசாகப் புகை.

இந்தக் குன்று பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஹைரூலில் சமதளமாக ஓரிடத்தைப் பார்ப்பது அபூர்வம். எங்கே நின்றாலும் எதிரே ஒரு மேடு, ஒரு பாறை, ஒரு சரிவு. முக்கோணம் முக்கோணமாக. இது தற்செயல் இல்லை. அதே 2017-இல் ஜப்பானில் நடந்த, அதே மாதிரியான செடெக் மாநாட்டில் இவர்களே இதைச் சொன்னார்கள். முக்கோணமாக ஒன்று எதிரே நின்றால் ஆட்டக்காரருக்கு இரண்டு வழி: ஏறிப் போகலாம், சுற்றிப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் அதன் பின்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வரும். பெரிய முக்கோணம் தூரத்து அடையாளம், என் பிளந்த மலை மாதிரி. நடுத்தரமானது பார்வையை மறைக்க. சின்னது நடையின் தாளத்தை மாற்ற.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஏமாற மாட்டேன் என்று நினைத்தால் அது தப்பு. நன்றாகத் தெரிந்தே ஏமாந்தேன். பிளந்த மலையை நோக்கி நடக்கிறேன், குன்று அதை மறைக்கிறது. மலை கண்ணில் இல்லாத அந்த அரை நிமிடத்தில் புகை கண்ணில் படுகிறது. புகையைப் பார்க்கப் போகிறேன். அங்கே மூன்று பொக்கோப்ளின்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கின்றன. பன்றி மூஞ்சிக் குட்டிப் பூதங்கள். சண்டை போடத் துணிவில்லாமல் பந்தத்தை வீசினேன். புல் பற்றிக்கொண்டது. நான் நின்ற பக்கமும் பற்றிக்கொண்டது. பதறிப்போய் எந்த பட்டனை அழுத்தினேன் என்று தெரியவில்லை, பாராகிளைடர் விரிந்தது. எரிகிற புல்லிலிருந்து எழும்பின சூடான காற்று என்னை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனது. கீழே பொக்கோப்ளின்கள் தீயில் ஓடுகின்றன, நான் பனைமர உயரத்தில் தொங்குகிறேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததில் அம்மா எட்டிப் பார்த்தார்.

அந்த உயரத்திலிருந்துதான் ஒரு டவர் தெரிந்தது. ஹைரூலில் இப்படி 15 டவர். ஏறினால் அந்தப் பகுதியின் மேப் கிடைக்கும். இந்த வகை கேம்களில் டவர் ஏறியதும் மேப் பூரா அம்மை போட்ட மாதிரி குறிகள் முளைக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போய்க் கடமையை முடிக்க வேண்டும். இங்கே கிடைப்பது மேடு பள்ளமும் ஆறும் சில இடப் பெயரும் மட்டும். மேலே நின்று நம் கண்ணால் பார்த்து, வேண்டிய இடத்தில் நாமே குறி வைக்கலாம். நான் ஐந்து குறி வைத்தேன். அதில் இரண்டு எதற்காக வைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

இடங்களுக்கு நடுவே தூரம் எவ்வளவு இருந்தால் நடக்க அலுக்காது என்று பார்க்க, இந்த கேமின் இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் மேப்பைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டாராம். இந்த கேமை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் அதே ஊரில்தான். தெரிந்த தெருவில் இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று காலுக்குத் தெரியும் அல்லவா.

நான்காம் நாள், வெள்ளி

மழை.

பிளந்த மலையின் அடிவாரத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தேன். இரட்டைச் சிகரம், நடுவே ஆறு. பாறையைப் பிடித்து ஏற ஆரம்பித்தேன். இந்த கேமில் ஏறக்குறைய எதிலும் ஏறலாம், திரையில் லிங்கின் தெம்பைக் காட்டும் வட்டம் தீரும்வரை. முக்கால்வாசி ஏறியிருப்பேன், மேகம் கறுத்தது. மழையில் பாறை வழுக்கும். நாலு எட்டு ஏறினால் சர்ரென்று மூன்று எட்டுச் சறுக்கல். ஒரு பாறை மடிப்பில் ஒதுங்கி நின்றேன். மழை நிற்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். நிற்கவில்லை.

எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த மழையைத் திட்டாத ஆட்டக்காரர் இல்லை என்று மருமகளும் ஒப்புக்கொண்டாள். சும்மா நிற்கிறோமே என்று சுற்றிப் பார்த்தபோது கீழே ஆற்றங்கரையில் இரண்டு பூதங்கள் தெரிந்தன. இடி இடித்தது. என் முதுகில் இருந்த இரும்பு வாளில் பொறி பறந்தது. அடுத்த கணம் வெளிச்சம், முடிந்தது கதை. உலோகம் வைத்திருந்தால் மின்னல் தேடி வரும். மறுபடி அதே இடத்தில் ஆரம்பித்து, இந்த முறை பொறி பறந்ததும் வாளைக் கழற்றிப் பூதங்களுக்கு நடுவே வீசிவிட்டு ஒதுங்கினேன். மின்னலுக்கு யார் வாள் என்று கவலை இல்லை. இதைச் செய்து பார்த்தால் என்ன என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழுந்து, உலகம் ஆமாம் என்று பதில் சொல்லும்போது கிடைக்கிற சுகம் எந்தப் பரிசுப் பெட்டியிலும் இல்லை.

மழை விட்டதும் ஏறினேன். பிளவின் இரு பக்கப் பாறைச் சுவரிலும் எதிரெதிரே ஒவ்வொரு ஷ்ரைன் இருக்கிறது. ஒன்றுக்குள் போனால் வரிசை வரிசையாகக் குழிகள், சில குண்டுகள். எந்தக் குழியில் எந்தக் குண்டு என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. அரை மணி நேரம் விழித்தேன். பிறகு எதிர்ச் சுவரில் இருந்த மற்றதற்குப் பறந்து போனேன். அங்கேயும் அதே குழி, அதே குண்டு. ஆனால் குண்டுகள் வேறு மாதிரி அடுக்கி இருந்தன. அப்போதுதான் உறைத்தது: இதன் விடை அதில், அதன் விடை இதில். எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் கட்டம் போட்டு, புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டேன். அடுத்த தடவை டாக்டர் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

முதல் நாள் பாறை விளிம்பிலிருந்து பார்த்த மலையின் பிளவு வெறும் அழகுக்கு இல்லை, அந்தப் புதிரே பிளவால்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இவ்வளவுக்கும் ஷ்ரைன்களின் உள்ளலங்காரம் எனக்கு அலுத்துவிட்டது. மொத்தம் 120 உண்டாம், நான் பார்த்ததெல்லாம் ஒரே சாம்பல் கல்லும் நீல விளக்கும்தான். வெளியே அத்தனை விதம் காட்டினவர்கள் உள்ளே கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், சனி

ககாரிக்கோ என்ற ஊருக்குப் போனேன். கோழியை அடித்தேன், ஊர்க் கோழியெல்லாம் சேர்ந்து என்னைத் துரத்தியது. வேறு விசேஷம் இல்லை.

வழியில் ஒரு மலையுச்சியில் தனியாக ஒரு கல். தூக்கினேன். கீழிருந்து இலை முகமூடி போட்ட ஒரு குட்டி எழும்பி “யாஹாஹா!” என்றது. கொரோக். இப்படி 900 பேர் ஒளிந்திருக்கிறார்கள். 900-ஐயும் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். “தங்கக் கலர்ல ஒரு கக்கா,” என்றாள் போனில், பரீட்சைக்குப் படிக்கிற பெண். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே அதுதானாம். எல்லாவற்றையும் கண்டுபிடி என்று யாரும் அழுத்தவில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. 900 எதற்கு என்றால், நான் எந்த உச்சியில் ஏறினாலும் அங்கே எனக்கு முன்னால் யாரோ வந்து ஒரு கல்லை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்க வேண்டும், அதற்கு.

மதியம் கிழக்கே ஹட்டெனோ ஊருக்குப் போகும் சாலை. அங்கே ஒரு சமவெளி. ஓரிரண்டு கார்டியன்கள் செத்துக் கிடந்தன. சிலந்திக்கால் வைத்த பெரிய இயந்திரங்கள், பாசி படிந்து, பாதி சேற்றில் புதைந்து. நடக்க நடக்க எண்ணிக்கை கூடியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. சாலையின் முடிவில் ஒரு கோட்டைச் சுவர். சுவர் ஓரத்தில்தான் குவியல் அதிகம். வாசலைத் தாண்டி மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

மறுபக்கம் ஒன்றுகூட இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சுவர் வரைக்கும் வந்து, இங்கேயே நின்றுபோயிருக்கின்றன. இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஹட்டெனோ. ஆடு மேய்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், கூரை ஏறாத வீடில்லை. மற்ற இடமெல்லாம் இடிபாடாகக் கிடக்க இந்த ஊர் மட்டும் ஏன் முழுசாக இருக்கிறது என்பதற்குப் பதில் அந்தச் சுவர். எந்தப் பலகையும் இல்லை, நான் போனபோது யாரும் வந்து கதை சொல்லவும் இல்லை. நடந்து வந்ததால் தெரிந்தது. மேப்பில் தட்டித் தாவியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். நிபந்தனை போட்டவளுக்கு போன் செய்து சொன்னேன். “நான் குதிரைல வேகமா போயிட்டேன் மாமா, பாக்கல,” என்றாள், குரலில் கொஞ்சம் பொறாமையோடு.

ஆறாம் நாள், ஞாயிறு

ஹட்டெனோவிலிருந்து தெற்கே கடற்கரை ஓரமாகவே போனேன். ஒரு முகட்டில் நின்றபோது கடலுக்குள் தள்ளி ஒரு தீவு, பனிமூட்டத்தில் ஒரு நிழலாக. வேறு வேலை இருந்தது. கோட்டைக்குப் போய் ஸெல்டா இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். அவர் நூறு வருடம் காத்திருக்கிறார், இன்னும் இரண்டு நாள் தாங்க மாட்டாரா?

கரையில் ஒரு தெப்பம் கிடந்தது. கையில் கொரோக் இலை, விசிறி மாதிரிப் பெரியது. தெப்பத்தில் நின்று பாயைப் பார்த்து இலையை வீசினால் காற்றடித்துத் தெப்பம் நகர்கிறது. வீசு, நகரு, வீசு, நகரு. நெடுநேரம் இதே வேலை. சுற்றிலும் கடல், அலைச் சத்தம், எப்போதாவது இரண்டு பியானோ ஸ்வரம். இந்த கேமில் இசையை உப்பு மாதிரிதான் போட்டிருக்கிறார்கள்.

தீவில் கால் வைத்தேன். ஒரு குரல் கேட்டது. நான் சேர்த்த வாள், கேடயம், சட்டை, சமைத்து வைத்த சாப்பாடு எல்லாம் மறைந்தன. அரை டிரவுசரோடு நிற்கிறேன். தீவில் மூன்று உருண்டைகள், மூன்று பீடங்கள். உருண்டைகளைப் பீடத்தில் வைத்தால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும்.

இந்தத் தீவின் பெயர் ஈவன்டைட். முதல் நாள் மேட்டு நிலத்தில் எப்படி நின்றேனோ அப்படியே மறுபடி நிறுத்திவிட்டார்கள். ஆனால் இப்போது நான் அந்த ஆள் இல்லை. கீழே கிடந்த குச்சியைப் பார்த்தால் பந்தம், பாறையைப் பார்த்தால் உருட்டலாம், காய்ந்த புல்லைப் பார்த்தால் காற்று. வாள் போனாலும் ஐந்து நாளில் தெரிந்துகொண்டது போகவில்லை.

ஒரு உருண்டை ஒரு ஹினாக்ஸின் கழுத்து மாலையில் தொங்கியது. ஒற்றைக்கண் பூதம், ஒரு வீட்டளவு, மல்லாந்து குறட்டை விட்டுத் தூங்குகிறது. சண்டை போட்டு ஜெயிக்க என்னிடம் குச்சிதான் இருக்கிறது. குனிந்து, ஓசைப்படாமல் போய், தரையில் விரிந்து கிடந்த அதன் உள்ளங்கையில் ஏறி நின்றேன். தூக்கத்திலேயே கை உயர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நான், சோபாவில். கை போய் வயிற்றைச் சொறிந்தது. நான் தொப்பை மேல் இறங்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொப்பை ஏறி இறங்குகிறது. நுனிக்காலில் மார்பு வரை நடந்து மாலையிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாகச் சறுக்கி இறங்கினேன். குறட்டை நிற்கவில்லை.

அந்த வெற்றியில் உருண்டையைச் சரிவில் கீழே வைத்தேன். அது பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கட்டுப்போட்ட காலைத் தூக்கி டீப்பாயில் இடித்துக்கொண்டது தனிக்கதை.

ஸெல்டா கேம்களுக்கு மூலவரான ஷிகேரு மியாமோட்டோ சின்ன வயதில் கியோட்டோ பக்கத்து சோனோபெ என்ற ஊரில், காட்டுக்குள் சுற்றும்போது ஒரு குகையைக் கண்டுபிடித்து, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போன கதையைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986-இல் வந்த முதல் ஸெல்டா அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதானாம். அந்தக் குகைக்குள் பெரிதாக ஏதாவது இருந்ததா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஏழாம் நாள், திங்கள்

பரீட்சை முடிந்துவிட்டது. ஸ்விட்சை வாங்க வந்தவள் முதலில் என் மேப்பைத்தான் திறந்தாள். நாம் கடைசி 200 மணி நேரம் நடந்த பாதையைப் பச்சைக் கோடாகக் காட்டும் வசதி ஒன்று இதில் உண்டு, பின்னால் தனியாக விற்ற கூடுதல் பகுதியில் வந்தது. அவள் வாங்கி வைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது.

கோட்டைப் பக்கம் பச்சை இல்லை. எரிமலைப் பக்கமும் இல்லை. தென்கிழக்கு மூலையில் மட்டும் ஒரே நூல் சிக்கல். பொக்கோப்ளின் புகையிடம் ஒரு வளையம். டவரிலிருந்து சம்பந்தமில்லாமல் வடக்கே போய்த் திரும்பின ஒரு வால். அது ஒரு மானைத் துரத்தினது. கடலுக்குள் நேராக ஒரு கோடு.

பிளந்த மலையின் பக்கவாட்டில் மட்டும் கோடு மேலும் கீழுமாகப் போய்ப் போய் வந்து, அழுத்தமாக ஒரு பொட்டு மாதிரி ஆகியிருந்தது. அவள் அதில் விரலை வைத்தாள்.

“இங்க என்ன மாமா பண்ணீங்க, இவ்ளோ நேரம்?”

“மழை,” என்றேன்.